திரு. வி. கலியாணசுந்தரனார்: பத்திரிகாசிரியர் நூலாசிரியரான வரலாறு

எழுத்துத் தொழில் இருவகைத்து. ஒன்று, அன்றாடம் எழுதி அன்றே பிறர் கையிற் கொடுப்பது. மற்றொன்று, ஆய்ந்து எழுதி நெடுங்காலம் நிற்க வைப்பது. முன்னதைப் பத்திரிகை என்றும் பின்னதை நூல் என்றும் வழங்குகின்றோம். பத்திரிகையின் வாழ்நாள் ஒரு பகலே. காலையில் ஆவலோடு வாங்கப்பெற்ற தாள் மறுநாள் மளிகைக் கடையிற் பருப்பு மடிக்கப் போகின்றது. ஆதலின், பத்திரிகைக்கு எழுதுவோர் நூலாசிரியர் ஆகார் என்றும், பத்திரிகைத் தமிழ் நற்றமிழ் ஆகாது என்றும் எம்மனோராகிய தமிழாசிரியரிடை ஓர் எண்ணம் நெடுங்காலம் வேரூன்றி நின்றது. அவ்வெண்ணத்தைத் தம் வாழ்க்கையாற் பொய்யாக்கிக் காட்டியவர் திரு. வி. கலியாணசுந்தரனார்.

ரஞ்சன்குடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் எழுத்தில் வேட்கையுடைய இளைஞர் பலர் உளர். பத்திரிகைத் தொழிலிற் புகுந்தால் நூல் எழுதும் ஆற்றல் கெட்டுவிடுமோ என்று அவருட் சிலர் ஐயுறுகின்றனர். வேறு சிலரோ பத்திரிகையிற் பெயர் வந்துவிட்டால் நூலாசிரியர் ஆகிவிட்டதாகவே கருதிவிடுகின்றனர். இவ்விரு சாரார்க்கும் கலியாணசுந்தரனாரின் வரலாறு நல்விடை பகரும். ஆதலின், நம் சங்கத்துத் திங்களிதழில் சான்றோர் வரலாறுகளை எழுதிவரும் முறையில், இம்முறை அப்பெரியோரின் வாழ்க்கையை எழுதத் துணிந்தோம்.

கலியாணசுந்தரனார் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் விருத்தாசலனார், தாயார் சின்னம்மையார். முன்னோர் திருவாரூரினின்றும் போந்தவர் ஆகலின் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் அவர்தம் பெயரின் முன் எழுத்துக்களாய் அமைந்தன. குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. ஆங்குத் தொடக்கக் கல்வி முடித்து வெஸ்லி பள்ளியிற் சேர்ந்தார். இளமையில் உண்ட மருந்தொன்றின் கேட்டால் கைகால்கள் முடங்கின. சில ஆண்டுகள் கல்வி தடைப்பட்டது. உடல் தேறிய பின்னர் 1898-ஆம் ஆண்டு மீண்டும் பள்ளி புகுந்தார்.

அப்பள்ளியில் அவருக்குத் தமிழாசிரியராய் வாய்த்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. அகராதி தொகுத்த அறிஞர். ஒரே வேளையில் பலவற்றை நினைவில் நிறுத்தும் அவதானக் கலையில் வல்லவர். மேடையிலும் ஏட்டிலும் வாதப்போர் தொடுத்தவர். வள்ளலார் பாடல்களை அருட்பா எனலாமோ ஆகாதோ என்று அந்நாளில் எழுந்த பெரும்பூசல் நீதிமன்றம் வரை சென்றது. தம் ஆசிரியர்பொருட்டுச் சான்று கூறச் சென்றமையால், 1904-ஆம் ஆண்டு கலியாணசுந்தரனார் பள்ளியிறுதித் தேர்வு எழுதுதற்கு இயலாது போயிற்று. பட்டம் பெறும் வழி அங்ஙனம் அடைபட்டது. ஆயினும் தமிழ் வழி அடைபடவில்லை. 1907-ஆம் ஆண்டு ஆசிரியர் மறைந்த பின்னர், மயிலை தணிகாசலனாரை அடுத்துத் தமிழ் நூல்களையும் சைவ நூல்களையும் பாடங் கேட்டார்.

அவர்தம் முதல் நூல் 1908-ஆம் ஆண்டு வெளிவந்தது. மறைந்த ஆசிரியர் கதிரைவேற்பிள்ளையின் வாழ்க்கை வரலாறே அந்நூல். பெரிய புராணத்திற்குக் குறிப்புரை வரையும் பணியிலும் அக்காலத்தே ஈடுபட்டார். ஆகவே பத்திரிகை புகுமுன்னரே அவர் நூல் எழுதியவர்தாமே என்று வினவுவார் உளராயின், ஆம் என்போம். அஃது ஆசிரியர்க்கு மாணவர் செலுத்திய கடன்; புலவர் குழாம் படித்தற்கென எழுதப்பெற்றது. பின்னாளில் நாடு முழுதும் படித்த கலியாணசுந்தரனாரின் உரைநடை அப்பொழுது பிறக்கவில்லை. அது பிறத்தற்கு வேறொரு பட்டறை வேண்டியிருந்தது.

சிலகாலம் ஸ்பென்ஸர் கம்பெனியிற் கணக்கர் வேலை பார்த்தார். அது மனத்துக்கு ஒவ்வவில்லை. 1910-ஆம் ஆண்டு ஆயிரம் விளக்கிலுள்ள வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்து ஆறாண்டு பணிபுரிந்தார். 1912-ஆம் ஆண்டு கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். 1916-ஆம் ஆண்டு வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. தேர்வு எழுதாது வெளியேறிய மாணவர் அந்நிலையத்திலேயே தமிழ்த் தலைமை ஏற்றது சிறிய செயலன்று. திங்கள் தவறாத ஊதியம், மதிப்புடைய இருக்கை, படித்தற்கும் எழுதுதற்கும் ஓய்வு ஆகிய அனைத்தும் ஆங்கு இருந்தன. நூலாசிரியர் ஆக விரும்புவார்க்கு அதனினும் நல்லிடம் ஏது என்றே எவரும் கூறுவர். எம் தொழிலும் அதுவேயாதலின் அவ்விருக்கையின் அருமையை யாம் அறிவோம்.

அவ்விருக்கையை அவர் ஓராண்டு அளவிலே துறந்தார். நாட்டில் விடுதலை வேட்கை கிளர்ந்தெழுந்த காலம் அது. தேசபக்தன் என்னும் நாளிதழ் 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் சென்னையில் தோன்றியது. அதற்கு ஆசிரியராகக் கலியாணசுந்தரனார் சென்றார். பத்திரிகாசிரியர் நிலை அந்நாளில் எத்தகையது என்பதை இக்காலத்தார் அறிதல் வேண்டும். 1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் அப்பொழுது நடைமுறையில் இருந்தது. புதிதாக அச்சுக்கூடம் நிறுவுவோரிடம் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கேட்க அச்சட்டம் இடந்தந்தது. எழுத்து அரசினர்க்குப் பொருந்தாதாயின் அத்தொகை பறிமுதலாகும். மீண்டும் தொடங்க விழைவார் 1,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரை கட்டுதல் வேண்டும். ஒரு தலையங்கம் ஓர் அச்சுக்கூடத்தையே விழுங்கிவிடக்கூடும். சிறை வாயிலும் திறந்தேயிருந்தது. தேசபக்தனில் அவருக்குப் பின் ஆசிரியராய் வந்த வ. வே. சு. ஐயர் 1921-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையின்பொருட்டு ஒன்பது திங்கள் சிறை சென்றமை யாவரும் அறிந்தது. கல்லூரி இருக்கையை விடுத்துக் கலியாணசுந்தரனார் ஏறியது இத்தகைய இருக்கையிலேயாம்.

நாளிதழில் அவர் எதிர்ப்பட்ட முதல் இடர் மொழி இடர். தமிழில் அரசியற் பத்திரிகை அதற்கு முன்னும் இருந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ஆம் ஆண்டு தொடங்கிய சுதேசமித்திரன் முன்னோடியாகும். 1904-ஆம் ஆண்டு அதன்கண் துணையாசிரியராய்ப் புகுந்த பாரதியார் எளிய உரைநடைக்கு வழி கோலினார். ஆயினும் அரசியற் செய்தியைத் தூய தமிழில் எழுதுதல் இயலாது என்ற எண்ணமே பலரிடம் நிலவியது. ஆங்கிலச் சொல்லும் வடசொல்லும் விரவிய கலவை நடையே தாள்களில் ஆட்சி புரிந்தது. அரசியற் கூட்டங்களிலோ தலைவர் பலர் ஆங்கிலத்திலேயே பேசினர். புலவர் நடையை அங்ஙனமே தாளில் இறக்கினால் வண்டிக்காரரும் கடைக்காரரும் படியார். கலவை நடையையே மேற்கொண்டால் தமிழ் வளராது. இவ்விரண்டினிடையே ஒரு மூன்றாம் வழி காண வேண்டுவதாயிற்று.

கலியாணசுந்தரனார் அவ்வழியைக் கண்டார். சொற்றொடரைச் சிறிதாக்கினார், நீண்ட வினையெச்சக் கோவைகளை அறுத்தார். ஒரு தொடரில் ஒரு கருத்தை வைத்தார். அரசியற் கருத்துக்களுக்கு ஏற்ற தமிழ்ச் சொற்களைப் பழைய நூல்களினின்றும் எடுத்தாண்டார். இல்லாவிடத்துப் புதியன ஆக்கினார். தேவாரமும் பெரிய புராணமும் பயின்ற நா ஆதலின், எளிமை வந்தபொழுதும் இனிமை குன்றவில்லை. நாளிதழ் நாடோறும் வெளிவருவது. அச்சுக் கோப்பவர் தாளை எதிர்பார்த்து நிற்பார். திருத்தித் திருத்தி எழுத நேரம் கிடையாது. அந்நெருக்கடியே அவர்தம் நடையைச் செதுக்கிய உளியாயிற்று. கல்லூரியில் அமர்ந்து பத்தாண்டு முயன்றாலும் கிட்டாத நடை, நாளிதழில் இரண்டரை ஆண்டுகளிற் கைவந்தது.

பத்திரிகையோடு தொழிலாளர் இயக்கமும் அவரைப் பற்றியது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. பி. பி. வாடியா தலைவராயினார், கலியாணசுந்தரனார் துணைத் தலைவருள் ஒருவராயினார். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் உழைத்த மக்கள் முன்னே மாலைதோறும் பேச வேண்டிய கடமை வந்தது. ஆலையில் நாள் முழுதும் நின்று களைத்த ஒருவர் வீடு செல்லாது நின்று கேட்பாராயின், அச்சொல் உண்மையாக அவர் உள்ளத்தைத் தொட்டிருத்தல் வேண்டும். காலையில் எழுத்தும் மாலையிற் பேச்சும் ஒன்றையொன்று திருத்தின. 1921-ஆம் ஆண்டுப் பெருவேலை நிறுத்தத்தின் காலமாகிய அந்நாட்களில், கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரை நாடு கடத்தக் கருதினார் என்றால், அச்சொல்லின் ஆற்றல் எத்துணையது என்று கூறவும் வேண்டுமோ?

அவ்வாண்டுகளில் அவர்தம் இல்லம் இருண்டது. பிறந்த இரு மக்களும் குழவிப் பருவத்தே மறைந்தனர். 1918-ஆம் ஆண்டு செப்டம்பரில் கமலாம்பிகை அம்மையாரும் என்புருக்கி நோயால் உயிர் நீத்தார். மணவாழ்க்கை ஆறாண்டே நிலவிற்று. கலியாணசுந்தரனாருக்கு அப்பொழுது அகவை 35. மறுமணம் புரியுமாறு உற்றார் வற்புறுத்துதல் உலக இயல்பு. அவர் இறுதிவரை மறுமணம் புரிந்திலர். பத்திரிகையும் சங்கமும் தமிழுமே எஞ்சின. பின்னாளில் பெண்மையின் உயர்வையும், மகளிர் உரிமையையும், மணவாழ்க்கையின் தூய்மையையும் அவர் இடைவிடாது எழுதினார். அவ்வெழுத்துக்குப் பின்னே ஆறாண்டு இல்லறத்தின் நினைவு நின்றது என்று கொள்ளுதல் பிழையாகாது.

இனி, நாளிதழ் எழுத்து நூலாகிய வரலாற்றை நோக்குவோம். தேசபக்தனில் அவர் எழுதிய கட்டுரைகள் தொகுக்கப்பெற்று, 1919-ஆம் ஆண்டு தேசபக்தாமிர்தம் என்னும் பெயரால் நூலாயின. பருப்பு மடிக்கப் போக வேண்டிய தாள் அட்டை கட்டப்பெற்று அலமாரி ஏறியது. இஃது எளிய செயல்போலத் தோன்றும், அன்று. நாளிதழ்க் கட்டுரையை நூலாக்கும்பொழுது ஒரு சோதனை நிகழ்கின்றது. எழுதிய நாளின் பரபரப்பு அடங்கிவிடும். யார் எவரைத் தாக்கினார் என்பது மறந்துபோம். அங்ஙனம் எல்லாம் உதிர்ந்த பின்னரும் படிப்பார்க்கு ஏதேனும் எஞ்சுமாயின் அதுவே நூல். எஞ்சாதாயின் அது பழந்தாள்.

தேசபக்தனை விட்டு நீங்கிய கலியாணசுந்தரனார் 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நவசக்தி என்னும் வார இதழைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் அமைந்த சாது அச்சுக்கூடம் அதற்கும் அவர்தம் நூல்களுக்கும் உறைவிடமாயிற்று. நாளிதழினின்று வார இதழுக்கு வந்தமை ஒரு திருப்பம். நாளிதழ் செய்தியைத் தேடும். வார இதழ் செய்தியின் பொருளைத் தேடும். ஏழு நாட்கள் சிந்திக்க இடமுண்டு. நவசக்திக் காலத்தே அவர்தம் நூல்கள் வரிசையாய் வெளிப்போந்தன. மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் 1921-ஆம் ஆண்டிலும், முருகன் அல்லது அழகு 1925-ஆம் ஆண்டிலும், பெண்ணின் பெருமை 1927-ஆம் ஆண்டிலும் வந்தன. தலைமையுரைகள் தமிழ்த்தென்றல் என்னும் நூலாயின. அப்பெயரே பின்னர் அவருக்குச் சிறப்புப் பெயருமாயிற்று. இதழ்களில் எழுதிய கட்டுரைகளின் திரட்டு 1935-ஆம் ஆண்டு தமிழ்ச்சோலை என்னும் பெயரால் வெளிவந்தது.

அச்சுக்கூடம் தம்முடையதாய் இருந்தமையின் அருமையை ஓர் ஒப்புமையால் உணரலாம். பாரதியாரும் பத்திரிகாசிரியரே. 1908-ஆம் ஆண்டு சுதேச கீதங்களை வெளியிட்டார். 1920-ஆம் ஆண்டு தம் எழுத்தனைத்தையும் 40 பகுதிகளாகப் பகுத்து, பகுதிக்கு 10,000 படிகளாக அச்சிடத் திட்டமிட்டு, அன்பர்களிடம் பொருளுதவி வேண்டினார். மொத்தம் நான்கு இலக்கம் படிகள்! உதவி வந்திலது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். அவர்தம் கைப்படி பலவும் அவர்க்குப் பின்னரே நூலாயின. எழுதும் ஆற்றல் எத்துணை உயர்ந்ததாயினும், அதனை நூலாக்கி மக்களிடம் சேர்க்கும் அமைப்பு இன்றேல், ஆசிரியன் வாழ்நாளில் அதன் பயன் நிறைவாகக் கிட்டாது என்பதற்கு அது துயர் நிறைந்த சான்று. கலியாணசுந்தரனார் செல்வர் அல்லர். ஆயினும் எழுத்து, இதழ், அச்சு என்னும் மூன்றையும் ஒரு கூரையின்கீழ் வைத்துக் காத்தார்.

நவசக்தி அவர் ஒருவரை மட்டும் ஆக்கியதன்று. 1923-ஆம் ஆண்டு ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இளைஞர் துணையாசிரியராய்ச் சேர்ந்தார். அவரே பின்னர்க் கல்கி என்னும் பெயரால் தமிழகம் போற்றும் நாவலாசிரியர் ஆனார். வெ. சாமிநாத சர்மா தேசபக்தனிலும் நவசக்தியிலும் பயின்று, பிளேட்டோவின் அரசியல் முதலிய அரிய நூல்களைத் தமிழுக்கு வழங்கினார். ஒரு பத்திரிகை அலுவலகம் நூலாசிரியர்களை ஈன்ற பள்ளிக்கூடமாய் விளங்கியமை இதனாற் புலனாம்.

இவ்விடத்து ஒரு வினா எழும். அந்நாளில் பத்திரிகைக்கு எழுதியோர் மிகப் பலர். அவருள் நூலாசிரியராய் நின்றவர் சிலரே. இஃது என்னை? ரஞ்சன்குடிக் கோட்டையை நாம் நாடோறும் காண்கின்றோம். நெடுஞ்சாலையிற் செல்வோரெல்லாம் நின்று நோக்கும் அம்மதில், கற்கொத்தர் அன்றன்று செதுக்கி அன்றன்று வைத்த கற்களால் ஆயது. ஒரு நாளில் வைத்த கல் ஒரு நாட் கூலிக்குரியதே. ஆயினும் அனைத்தும் சேர்ந்து கோட்டையாயின. அதே கற்களை மனம் போனவாறு கொட்டியிருந்தால் அது கற்குவியலாகவே கிடந்திருக்கும். வைப்பவன் உள்ளத்தே மதிலின் வரைவு இருந்தமையாலேயே கல் கோட்டையாயிற்று.

கலியாணசுந்தரனார் உள்ளத்தே அவ்வரைவு இருந்தது. இயற்கை வாழ்வு, பெண்ணின் உயர்வு, உழைப்பவர் உரிமை, சமயங்களின் ஒருமை என்னும் நான்கையும் அவர் இளமை தொட்டு முதுமை வரை விடாது பற்றினார். எந்நாளின் செய்தியை எழுதினாலும் அந்நான்கனுள் ஒன்றன்மேல் வைத்து எழுதினார். ஆதலின் வெவ்வேறு நாளில் எழுதியவை ஒன்று சேர்ந்தபொழுது பொருந்தி நின்றன. குறையும் இல்லாமல் இல்லை. மேடைப் பேச்சின் ஓசை அவர்தம் நூல்களிற் பல இடங்களில் மிகுதியாய் ஒலிக்கின்றது. கூறியது கூறலும் உண்டு. நாளிதழ் கற்றுத் தந்த நடையோடு நாளிதழின் பழக்கங்களும் உடன்வந்தன என்க. அன்றைய கட்சிப் பூசல் பற்றிய பகுதிகள் இன்று படிப்பார்க்குச் சுவை தருவதில்லை. ஆயினும் பெண்ணின் பெருமையும் முருகன் அல்லது அழகும் இன்றும் படிக்கப் புதியனவாய் உள்ளன.

1944-ஆம் ஆண்டு அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகள் நூலாய் வெளிவந்தது. அதனிற் பத்திரிகை உலகமும், தொழிலாளர் இயக்கமும், தமிழ்நாட்டு அரசியலும் விரிவாய்ப் பதிவாயின. பின்னர் முதுமை வந்தது. கண்ணொளி குன்றியது, தாளையும் எழுத்தையும் காணுதல் இயலாதாயிற்று. எழுத்தே உயிராய் வாழ்ந்தார்க்கு இதனினும் கொடுமை யாது? அவரோ மனத்தகத்தே செய்யுள் இயற்றி, வாயாற் சொல்லிப் பிறரை எழுதச் செய்தார். படுக்கையிற் கிடந்த நாளிலும் நூல் தொடர்ந்தது. படுக்கைப் பிதற்றல் என்று தாமே எளிமையாய்ப் பெயரிட்ட செய்யுள் நூல் 1953-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், எழுபதாம் அகவையில் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற நூல்கள் ஐம்பதிற்கு மேற்பட்டன. அவை இன்று நாட்டுடைமையாய், யாவரும் அச்சிட்டுப் பயன்கொள்ளும் பொதுச் செல்வமாய் உள்ளன.

எழுத விழையும் இளைஞர்காள்! பத்திரிகையை இழிவென்று கருதற்க. அது விரைவையும் தெளிவையும் கற்பிக்கும். மக்கள் முகத்தைக் காட்டும். பத்திரிகையிற் பெயர் கண்ட மாத்திரத்தே செம்மாத்தலும் வேண்டா. இன்று எழுதிய தாளைப் பத்தாண்டு கழித்து எடுத்து நோக்கினால் அதன்கண் யாது எஞ்சும் என்று எழுதும்பொழுதே எண்ணுமின். எஞ்சுவது ஒன்று உளதாயின், அஃது இன்று தாளில் இருப்பினும் நூலே. வாழ்நாள் முழுதும் விடாது பற்றுதற்குரிய கருத்து ஒன்றை முதலில் தேடிக்கொண்மின். கைக்குத் தாளும் கோலும் பின்னர்த் தாமே வரும்.